றம்ஸீன் காற்றுப் புகாமல் அடைத்த அறை

றம்ஸீனுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். காத்தான்குடியில் ஏசி பூட்டித் தருகிறவர்கள் பத்திருபது பேர் இருக்கிறார்கள். வேலை சுத்தம் என்றால் றம்ஸீன்தான் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டு, அவனோடு வாய் கொடுக்காதே என்றும் சேர்த்துச் சொல்லும். சுவரில் துளை கோணலாக விழுந்துவிட்டது என்று முறைத்த வீட்டுக்காரர் ஒருவரைத் தூக்கி மணல் கும்பியில் போட்டிருக்கிறான். கிரிக்கெட்டில் நடுவராக நின்ற ஒருத்தனின் மூக்கை உடைத்திருக்கிறான். அவனுடைய கூட்டாளி உதயரூபனுக்கு முன்பல்லில் பாதி இல்லை. அதுவும் றம்ஸீனின் கைவண்ணம்தான். நாவற்குடாவிலிருந்து வேலைக்கு வந்த முதல் மாதமே, கொப்பர் குழாயை மடக்கிக் கெடுத்ததற்கு விழுந்த அடி. அடித்த கையே மறுநாள் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது. உதயரூபன் அதற்குப் பிறகும் ஆறு வருஷமாக அவனோடுதான் நிற்கிறான். ஏன் என்று கேட்டால், கோபம் வராத நேரத்தில் அவனைப்போல மனிதன் இல்லை என்பான். கோபம் வராத நேரம் எவ்வளவு என்று மட்டும் சொல்லமாட்டான்.

இந்தக் கை வாப்பா வழி வந்தது. முகைதீன்பாவா ஓட்டமாவடிப் பக்கம் அரிசி லொறி ஓட்டியவர். றோட்டில் வந்த எரிச்சலையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்சாதி றஸீனாவின் கன்னத்தில் இறக்குவார். ஆனால் அது அவருடைய வீடு அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆண் வந்து குடியேறுகிறவன். றஸீனாவின் தாய் வளவில் நாலு சகோதரிகளுக்கு நாலு வீடு, சுவருக்கும் சுவருக்கும் இடையில் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். பலகை யன்னல், ஓட்டுக் கூரை, சுவரின் உச்சியில் காற்று வர விட்ட துளைகள். ஒரு வீட்டில் பூனை தும்மினால் மற்ற மூன்று வீட்டுக்கும் கேட்கும்.

முகைதீன்பாவாவின் முதல் அடி விழுந்ததும் றஸீனாவின் தங்கை, றம்ஸீனுக்குச் சாச்சி, ஒருத்தி கொஞ்சம் உப்புக் கேட்டு வந்துவிடுவாள். இரண்டாவதற்கு இன்னொருத்தி பாதித் தேங்காய் கேட்டு வருவாள். மூன்றாமவள் வெறுங்கையோடு வந்து, என்னத்துக்கு வந்தேன் என்பதே மறந்துபோச்சு என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். அடியைப் பற்றி ஒருத்தியும் ஒரு சொல் பேசமாட்டாள். மூன்று பெண்கள் உள்ளே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்பேர்ப்பட்ட சண்டியனுக்கும் நாலாவது அடிக்குக் கை எழும்பாது. முகைதீன்பாவா சாரனை உதறிக் கட்டிக்கொண்டு வாவிக் கரைப் பக்கம் போய்விடுவார். இந்த வளவில் எந்தப் பெண்ணும் மூன்று அடிக்கு மேல் வாங்கினதில்லை என்று றஸீனா பெருமையாகவே சொல்லுவாள். பெருமையைப் பாருங்கள். ஆனாலும் அந்த உப்பும் தேங்காயும் அவர்களைக் காப்பாற்றி வைத்திருந்தன என்பது பொய்யில்லை.

வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போகும்போது றம்ஸீனுக்கு இருபது வயது, தங்கை பஹீமாவுக்குப் பதினொன்று. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்காத காக்கா தன்னுடைய கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது. அதுதான் ஊர் வழக்கம். அவன் டோஹாவுக்குப் போனான். ஒன்பது வருஷம் பெரிய வீடுகளின் கூரைக்குள் ஓடுகிற தகரக் குழாய்களுக்குள் தவழ்ந்தான். ஒரு இடத்தில் குளிரை உண்டாக்கி, குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்புகிற பழைய ஏற்பாடு அது. உள்ளே தூசி, கரப்பான், எலி. கூடவே சத்தமும் வரும். ஒரு அறையில் பேசுவது குழாய் வழியாக இன்னொரு அறைக்குப் போகும்.

ஒரு நாள் அப்படிக் குழாய்க்குள் குப்புறக் கிடந்து துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, எங்கேயோ ஒரு அறையில் ஒரு பெண் அடி வாங்குகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. "அம்மே, அம்மே" என்று சிங்களத்தில் கத்தினாள். வீட்டு வேலைக்கு வந்த நம்முடைய நாட்டுப் பிள்ளை. றம்ஸீனுக்கு எழும்பக்கூட இடமில்லை. இரண்டு காலாலும் தகரத்தை உதைத்தான். குழாய் நெளிந்து, கூரைத் தட்டு இரண்டு உடைந்து விழுந்து, வீடே அலறிக்கொண்டு ஓடி வந்தது. அடி நின்றது. குழாயை உடைத்ததற்கு மேற்பார்வையாளன் அறைந்தான்; றம்ஸீன் அவனுடைய தாடையைத் திருப்பி வைத்தான். அடுத்த வாரம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வளவில் தங்கையின் வீடு அப்போது கூரை மட்டம் வரைக்கும் வந்திருந்தது.

மிச்சத்தை ஊரில் உழைத்துத்தான் முடித்தான். குழாயே இல்லாத ஸ்ப்ளிட் ஏசி வீட்டுக்கு வீடு வரத் தொடங்கிய காலம். அதன் அருமையை அவன் சொல்லிக் கேட்கவேண்டும். கூரையை உடைக்கத் தேவையில்லை, சுவரில் மூன்று அங்குலத் துளை ஒன்று போதும். படுக்கிற அறைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம், வெறும் அறைகளுக்குக் கரண்ட் அழியாது. இரைகிற பெட்டி வெளியே நிற்கும், உள்ளே இருக்கிறது பூனை மாதிரிப் படுத்துக் கிடக்கும். ஒரு அறையின் தூசியும் மூட்டைப்பூச்சி மருந்து மணமும் இன்னொரு அறைக்குப் போகாது, பேச்சும் போகாது. அறையை நன்றாக அடைத்துவிட்டால் உள்ளே ஈ பறந்தால் கேட்கும், வெளியே இடி விழுந்தாலும் கேட்காது என்பான். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆடி மாதத்தில் இதைக் கேட்டு மயங்காத வீடு எது?

பஹீமாவை ஏறாவூரைச் சேர்ந்த ஷாமில் என்பவன் கட்டினான். துணிக்கடை வைத்திருப்பவன், மெல்லப் பேசுகிறவன். இரண்டு மாதம் கழித்து றம்ஸீனும் நிஸ்றாவைக் கட்டி, இரண்டு தெரு தள்ளியிருந்த அவளுடைய வீட்டுக்குக் குடியேறினான். அவன் போய் இரண்டு வருஷம் கழித்து பஹீமாவின் வீட்டுக்கு ஒரு தரம் சாச்சி ஒருத்தி உப்புக் கேட்டுப் போகவேண்டி வந்தது. அடுத்த மாதம் இன்னொரு தரம். இரண்டும் முதல் உப்போடு அடங்கிவிட்டதால், இதை றம்ஸீனின் காதில் போடவேண்டாம் என்று பெண்கள் தங்களுக்குள் முடிவு கட்டினார்கள். அவன் கை தெரிந்ததுதானே.

பிறகு ஷாமில் படுக்கையறைக்கு ஏசி வேண்டும் என்றான். வெக்கையில் கேட்டானா, வேறு யோசனையில் கேட்டானா, படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். றம்ஸீன் தங்கைக்குச் செய்கிற வேலை என்று உயிரைக் கொடுத்துச் செய்தான். பலகை யன்னலைக் கழற்றி, இழுத்து மூடுகிற கண்ணாடி போட்டான். சுவரின் உச்சியில் இருந்த துளைகளைப் பலகை வைத்து அடைத்துப் பூசினான். கதவின் அடியில் றப்பர் வைத்தான். யன்னலை அடைத்துவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும் என்று உம்மா றஸீனா முணுமுணுத்தாள். போன் எதற்கு இருக்கிறது என்று வாயை அடைத்தான். எல்லாம் முடிந்ததும் ஷாமிலை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று சுத்தியலால் வாளியில் அடித்துக் காட்டினான். ஷாமில் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்கவில்லை மச்சான் என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் யாரும் உப்புக் கேட்டுப் போகவில்லை.

பஹீமா மெலிந்தாள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டாள். யாராவது பேசினால் முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள். அறைக்குள்ளேயே கிடந்து குளிர் பிடித்துவிட்டது என்றாள் உம்மா. உம்மாவுக்கு மட்டுமென்ன, எல்லோருக்கும் அது நல்ல சமாதானமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பகல், அந்த ஏசிக்குள் கரகரவென்று சத்தம் வருகிறது என்று ஷாமிலே போன் பண்ணினான். றம்ஸீனும் உதயரூபனும் போனார்கள். உதயரூபன் வீட்டின் பின்பக்கம் வெளிப்பெட்டியைக் கழுவப் போனான். கடல் காற்றில் உப்புப் பூத்துக் கிடந்தது. றம்ஸீன் உள்ளே கதிரையில் ஏறி, மேல் மூடியைத் தூக்கி, தூசி வடிக்கிற வலையை இழுக்கக் கையை விட்டான். விரல் கிழிந்தது. வலைக்கு மேலே பீங்கான் துண்டுகள். கோப்பையின் பிடி ஒன்று, பூப்போட்ட விளிம்பு இரண்டு, காய்ந்த தேத்தண்ணிக் கறை. துணுக்கொன்று உள்ளே விழுந்து காற்றாடியில் உரசிக்கொண்டிருந்தது.

இதென்ன என்று கேட்டான். கீழே நின்ற பஹீமா, "கோப்பை கை தவறிட்டு காக்கா" என்றாள்.

அவன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டான். துப்புரவாக்கி, மூடியைப் போட்டு, ஏசியை ஓடவிட்டுப் பார்த்தான். சத்தம் இல்லை. கதிரையிலிருந்து இறங்கினான்.

"கை தவறின கோப்பை கீழதானே விழும். ஏழடி மேல எப்படிப் போன?"

பஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் அவளுடைய வலது பக்கம் போய் நின்று மெல்லப் பெயரைச் சொன்னான். அவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னான். கேட்கவில்லை. முக்காட்டை விலக்கினான். வலது காது வீங்கி, மடல் ஒட்டிப்போய், கழுத்து வரைக்கும் கறுத்துக் கிடந்தது. சட்டைக் கையைத் தூக்கினான். அவள் இழுத்து மூடப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே பழைய காயம், புதுக் காயம், அதற்கு மேல் இன்னொன்று. அந்த அறையை அடைத்தவன் தானேதான் என்பது அப்போது அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு துளையையும் தன்னுடைய கையாலேயே பூசியிருந்தான். அழுதிருக்கலாம். அவனுக்கு அழத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றுக்கு வந்த ஷாமில், குளிர் வருகுதா மச்சான் என்று கேட்டுக்கொண்டே உள்ளே கால் வைத்தான். கட்டிலில் கிடந்த பீங்கான் துண்டுகளைப் பார்த்தான். திரும்பப் பார்ப்பதற்குள் றம்ஸீன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான்.

முதல் குத்தில் ஷாமிலின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் அலுமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, அவளிடம் கேளுங்கள் என்று கத்தினான்; பிறகு உம்மாவைக் கூப்பிட்டான், பிறகு அல்லாஹ்வைக் கூப்பிட்டான். றம்ஸீன் அவனைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிச் சுவரோடு மோதினான். வெள்ளைச் சுவரில் ஒரு கோடு சிவப்பாக வழிந்தது. பத்தடி தள்ளி, குசினியில் றஸீனா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாச்சிமாருக்கும் கேட்கவில்லை. வெளிப்பெட்டி இரைகிற இரைச்சலில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற உதயரூபனுக்கும் கேட்கவில்லை. றம்ஸீன் வேலை என்றால் சும்மாவா.

எந்தக் கையால் அடித்தாய் என்று கேட்டான். ஷாமில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். வலது கையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் வைத்து, சாமான் பெட்டியிலிருந்த இரும்புப் பைப் றெஞ்சை எடுத்து இறக்கினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் அந்த அமைதியில் துல்லியமாகக் கேட்டது. பஹீமா அவனுடைய முதுகில் விழுந்து கட்டிப்பிடித்தாள்; ஒரு உதறலில் மூலையில் போய் விழுந்தாள். அதை அவன் பார்க்கவேயில்லை. மறுபடி ஓங்கினான். தாடை. மறுபடி ஓங்கினான். தோள். ஷாமிலின் சத்தம் முனகலாகி, முனகலும் குறைந்துகொண்டு வந்தது. றம்ஸீனுக்குக் கை ஓயவில்லை. நிறுத்தச் சொல்ல யாரும் வரவில்லை. வருவதற்கு வழி விட்டிருந்தால்தானே.

மூலையில் கிடந்த பஹீமாவின் கையில் அவனுடைய சுத்தியல் தட்டுப்பட்டது. எட்டு மாதம் அவள் அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள். ஒரு நாளும் அதை உடைக்கத் தோன்றியதில்லை. இப்போது எழும்பி இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறி வளவுக்குள் கொட்டியது. அந்த ஓட்டையில் முகத்தை வைத்து அவள் போட்ட கூச்சல், அடைபட்டுக் கிடந்த எட்டு மாதமும் ஒன்றாக வெளியே வந்ததுபோல இருந்தது.

உதயரூபன் வெளிப்பெட்டி கழுவிய தண்ணிக் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். உம்மாவும் சாச்சிமாரும் ஓடி வந்தார்கள். கதவின் தாழ்ப்பாள் உதயரூபனின் மூன்றாவது உதையில் பெயர்ந்தது. உள்ளே வந்தவர்களில் ஒரு சாச்சியின் கையில் பழைய பழக்கத்தில் ஒரு வெறும் கிண்ணம் இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை. நாலு பெண்களும் நின்று பார்த்தார்கள். கீழே கிடந்தவனை அல்ல, றெஞ்சை ஓங்கியபடி நின்ற றம்ஸீனை. முகைதீன்பாவாவின் முகத்தைப் பார்த்த அதே பார்வை. கை தானாக இறங்கியது.

"விடு மச்சான்," என்றான் உதயரூபன், பாதிப் பல்லோடு. "செத்துப்போவான். விடு."

ஷாமில் சாகவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. ஏறாவூரில் இருந்து ஆட்கள் வந்தார்கள், பள்ளிவாசலில் பேசினார்கள், விவாகம் முறிந்தது. வீடு பஹீமாவுடையது, அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். போனான். பொலிஸ் றம்ஸீனைப் பிடித்துப் பதினேழு நாள் விளக்கமறியலில் வைத்தது. பிணையில் வெளியே வந்த அன்று தேத்தண்ணிக் கடையில் இளந்தாரிகள் எழும்பி இடம் கொடுத்தார்கள். தங்கச்சிக்காக நின்ற ஆம்பிளை என்றார்கள். அதைக் கேட்க அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அந்த இனிப்போடு தங்கையைப் பார்க்கப் போனான்.

பஹீமா உடைந்த யன்னலுக்குக் கண்ணாடி போட விடவில்லை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் அடி விழுந்த அன்றைக்கே என்னிடம் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இந்தக் காது போயிருக்குமா என்று கேட்டான். கொஞ்சம் உறுக்கியே கேட்டான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கள்ட்டச் சொல்ல எனக்கு பயமா இரிந்த காக்கா. நீங்க கொல்லுவீங்கண்டு தெரியும். அவருட கைக்கி நான் பழகிட்டன். உங்கட கைக்கித்தான் பயந்து வாயப் பொத்திட்டு இரிந்த."

எட்டு மாதம். காற்றுத் துளையை அடைத்தது போதாது என்று, அவளுடைய வாயையும் அவன்தான் அடைத்திருக்கிறான். இதற்கு எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் பதில் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தான்.

வீட்டுக்குப் போனான். நிஸ்றா சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போய் யன்னல்களை இழுத்துச் சாத்தி, ஏசியைப் போட்டுப் படுத்தான். கல்யாணத்துக்கு அவனே பூட்டியது, தங்கைக்குச் செய்த அதே சுத்தத்தோடு. பதினேழு நாள் வெக்கையில் கிடந்த உடம்பு குளிரைக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் நிஸ்றா உள்ளே வந்தாள். நேரே யன்னலுக்குப் போனாள். ஒரு கதவைத் திறந்து வைத்தாள். பகல் இரண்டு மணி அனல் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சட்டி கழுவுகிற சத்தமும் வந்தது.

குளிர் போகிறது, கரண்ட் அழிகிறது என்று வழக்கமாக எந்த வீட்டிலும் சொல்கிறதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் யன்னலுக்குப் பக்கத்திலேயே, கதவைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அவளை அவன் ஒரு தரமும் அடித்ததில்லை. இரண்டு தரம் கை ஓங்கியிருக்கிறான். அதை அவன் ஒரு கணக்காக எடுத்ததேயில்லை. இப்போதுதான் நினைவு வந்தது.

"நிஸ்றா, என்னப் பாத்தா உனக்குப் பயமா?" என்று கேட்டான்.

அவள் வெகு நேரம் யோசிக்கவில்லை.

"ஓம்," என்றாள்.

கை முதலில் எழும்பவில்லை; அது அவனுக்கே புதிதாக இருந்தது. வெளியே ஏசிப் பெட்டி குளிர் பிடிக்காமல் இரைந்துகொண்டே இருந்தது. றம்ஸீன் கட்டிலைவிட்டு எழும்பினான். அவளைச் சுற்றிக்கொண்டு, கை படாமல் விலகிப் போய், மற்ற யன்னலையும் திறந்துவிட்டான்.